முப்பதாம் நாள் கட்டிய பணம்

அந்த மண்டிக்காரன் செத்த சேதி வந்த அன்று நான் பாயசம் வைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது? முந்திரி வறுத்துப் போட்டு, ஏலக்காய் தட்டி, வெல்லம் தாராளமாகப் போட்டுத்தான் வைத்தேன். என் வீட்டுக்காரர் டம்ளரைத் தொடவில்லை. "செத்தவன் மேல இன்னாடி கோவம்" என்றார். செத்துவிட்டால் மட்டும் நல்லவனாகிவிடுவானா? அவருடைய பங்கையும் சேர்த்து நானே குடித்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்த கதை இது. இன்றைக்கு நினைத்தாலும் பல் நறநறவென்கிறது. மன்னித்துவிட்டேன் என்று கடைசியில் எழுதுவேன் என எதிர்பார்க்கிறவர்கள் இங்கேயே மூடி வைத்துவிடலாம்.

மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. மூன்று அறை, மேலே ஓடு, பின்னால் கிணறு, இரண்டு தென்னை. மாமனார் உப்பு வாரிச் சம்பாதித்துக் கட்டியது. அவர் போன பிறகு வீடு என் வீட்டுக்காரர் பெயருக்கு வந்தது. எங்களுக்குக் கொஞ்சம் குத்தகைப் பாத்தி இருந்தது. பொங்கல் கழித்து வேலை தொடங்கினால் ஆவணி வரைக்கும் உப்பு. அதற்கப்புறம் மழை வந்து பாத்தியெல்லாம் ஏரி மாதிரி நிற்கும். அந்த மாதங்களில் அடுப்பெரிய வேண்டுமென்றால் உப்பு வாங்குகிற மண்டிக்காரனிடம்தான் போய் நிற்க வேண்டும். ஊரில் பாதிப்பேர் அவனிடம் நின்றவர்கள்தான்.

மாமியாருக்கு வயிற்றில் கட்டி என்று புதுச்சேரியில் ஆபரேஷன் செய்தோம். அந்தச் செலவுக்குத்தான் வீட்டை அவனிடம் அடமானம் வைத்தோம். பத்திரம் எழுதி, ரிஜிஸ்டர் ஆபீசில் பதிந்து, மூலப்பத்திரத்தை அவன் கையில் கொடுத்தோம். மாமியார் பிழைக்கவில்லை. அடுத்த இரண்டு வருஷமும் சித்திரையில் பெய்யக் கூடாத மழை பெய்து, வாரிக் குவித்த உப்பெல்லாம் வாய்க்காலோடு போயிற்று. வட்டி நின்றது. அவன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "மழைக்கு நீ இன்னா பண்ணுவ" என்று என் வீட்டுக்காரர் தோளில் கை போட்டான். கை போட்டவனை அன்றைக்கே தள்ளிவிட்டிருக்க வேண்டும்.

இங்கே எங்கள் உப்பளத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உப்பு விலை பேசி முடிந்ததும் வாங்குகிறவர் குவியலிலிருந்து ஒரு பிடி உப்பை அள்ளி நீட்டுவார். விற்கிறவர் கை நீட்டி அதை வாங்கிக்கொண்டால் பேச்சு உறுதி. வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டால் பேச்சு இல்லை. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. கை நீட்டினாயா இல்லையா, அவ்வளவுதான். இந்த வழக்கத்தில் ஊறியவர்கள் நாங்கள். மண்டிக்காரனுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஒரு நாள் டீக்கடையில் வைத்து என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறான்: "என் பங்காளிங்க வாயை அடைக்கிறதுக்காக உன் பேர்ல ஒரு பிராது குடுத்திருக்கேன்பா. கோர்ட்டுக் காகிதம் வரும். பயப்படாதே. நீ கை நீட்டாதே. நீட்டலைன்னா ஒண்ணும் ஆவாது."

இவரும் நம்பினார். கோர்ட்டு அமீனா காகிதத்தோடு முதல் தடவை வந்தபோது இவர் உப்புக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டாம் தடவை நேருக்கு நேர் மாட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தெருவே வேடிக்கை பார்த்தது, "வாங்காதே, வாங்காதே" என்று சொல்லிக் கொடுத்தது. அமீனா என்னமோ எழுதிக்கொண்டு போனான். நானும் சிரித்தேன். மூன்றாம் தடவை கதவில் ஒட்டிவிட்டுப் போன காகிதத்தை நானேதான் என் கையால் கிழித்து அடுப்பில் போட்டேன். அந்தக் கையை அதற்கப்புறம் எத்தனை தடவை சபித்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அதற்கப்புறம் எட்டு ஒன்பது மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு நாள் காலை நான் கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தன் வேலியைத் தாண்டி உள்ளே வந்து டேப்பை வைத்துச் சுவரை அளக்க ஆரம்பித்தான்.

"யாருய்யா நீ? இன்னா அளக்கற?"

"ஏலம் எடுத்தவரு அளந்துட்டு வரச் சொன்னாரும்மா."

"இன்னா ஏலம்?"

அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். வீடு கோர்ட்டில் ஏலம் போய் நாலு நாள் ஆகிவிட்டதாம். எடுத்தவன் மண்டிக்காரனின் மச்சான். எடுத்த விலையைச் சொன்னான். எங்கள் கிணறு வெட்டின கூலிக்குக்கூட அது காணாது.

சத்தம் கேட்டு எங்கள் வேலி ஓரத்துக் குடிசையிலிருந்து நான் அக்கா என்று கூப்பிடுகிறவள் வந்தாள். என்னைவிடப் பத்து வயது பெரியவள், புருஷன் இல்லாதவள், உப்பு சுமந்து பிழைக்கிறவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வரைக்கும் அவளுக்கும் தெருக்கோடியில் சொந்த வீடு இருந்தது. புருஷன் வைத்துவிட்டுப் போன அடமானத்தில் போய்விட்டது, விதி என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் டேப் பிடித்தவனையே உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க வூட்டை அளந்தவனும் இவன்தான். எடுத்தவனும் அதே மச்சான்தான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தோளில் கை போட்டது, கை நீட்டாதே என்று புத்தி சொன்னது, எல்லாம் கணக்குப் போட்டுச் செய்தவை. கட்டையில் போகிறவன், நாசமாய்ப் போகிறவன் என்று வாயில் வந்ததையெல்லாம் தெருவில் நின்று கத்தினேன். என் வீட்டுக்காரர் உப்பளத்திலிருந்து வந்து சேதியைக் கேட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அழுத அவரைப் பார்க்க எனக்கு இரக்கம் வரவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்சில் அவரை இழுத்துக்கொண்டு கோர்ட்டு இருக்கிற ஊருக்குப் போனேன்.

வக்கீல் ஒல்லியான மனிதர். வெற்றிலை போட்டபடியே எல்லாவற்றையும் கேட்டார். கை நீட்டாத கதையைச் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார். "வாங்க மாட்டேன்னா, சட்டம் வாங்கினதாத்தான் வெச்சிக்கும். நீங்க வராததால ஒருதலைப்பட்சமாத் தீர்ப்பாயிடுச்சி. போற வழியைச் சொல்றேன், கவனமாக் கேளுங்க" என்றார்.

"சம்மனே வரலைன்னு சொல்லித் தீர்ப்பை ரத்து பண்ணக் கேக்கலாம். அமீனா வரவே இல்லைன்னு சத்தியம் பண்ணுவீங்களா?"

"தெருவே பார்த்துச்சிங்க" என்றேன்.

"அப்ப அது அடைஞ்சி போச்சி. அடுத்தது, ஏலம் நடந்த நாள்லேர்ந்து முப்பது நாளுக்குள்ள கடன் மொத்தத்தையும் கோர்ட்டுல கட்டிடணும். ஏலம் எடுத்தவனுக்கு அவன் போட்ட பணத்துல நூத்துக்கு அஞ்சு சேர்த்துக் குடுக்கணும். யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. வீடு உங்களுது."

"திருடனுக்கு அஞ்சு ரூபா கூலியா?"

"சட்டம் அப்படித்தாம்மா. இன்னொரு வழியும் இருக்குது. ஏலமே மோசடின்னு மனு போடலாம். ஏலத்துக்கு முன்னால ஊர்ல தண்டோரா போடணும், தமுக்கு அடிக்கணும். அடிச்சாங்களா?"

"ஒரு சத்தமும் கேக்கலைங்க."

"கடன் குடுத்தவன் கோர்ட்டு அனுமதி இல்லாம, ஆளை வெச்சி ஏலம் எடுக்கவும் கூடாது. இதையெல்லாம் நிரூபிச்சி, அதனாலதான் அடிமாட்டு விலைக்குப் போச்சின்னு காட்டினா ஏலம் செல்லாது. நிரூபிக்கலைன்னா வீடு போச்சி."

இரண்டையுமே போட்டுவிடுங்கள் என்றேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார்: "அது முடியாது. மோசடி மனுவைப் போட்டா பணம் கட்டற வழி உனக்குக் கிடையாது. அந்த மனுவை வாபஸ் வாங்கினாத்தான் கட்ட முடியும். அதுவும் முப்பது நாளுக்குள்ள. அதைத் தாண்டிட்டா, மோசடியை நிரூபிச்சே ஆவணும். யோசிச்சி வா."

அஞ்சு நாள் ஏற்கெனவே போயிருந்தது. குயிலாப்பாளையத்தில் இருந்த என் அண்ணனிடம் ஓடினேன். திட்டித் தீர்த்துவிட்டு, தன் முந்திரித் தோப்பில் பாதியை விற்றுப் பணம் கொடுத்தார். நான் தாலிக்கொடியிலிருந்து கம்மல் வரைக்கும் விற்றேன். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிச்சம். பணம் சேர்ந்துவிட்டது. கொண்டுபோய்க் கட்டியிருந்தால் கதை முடிந்தது.

ஆனால் அதற்குள் தண்டோராக்காரரைப் பார்த்துவிட்டேன். ஊருக்கு வெளியே இருந்த அவர் வீட்டுக்கு நானும் அந்த அக்காவும் போனோம். பெரியவர் முதலில் பேசவே பயந்தார். பிறகு, "அமீனா மண்டிக்குப் பின்னால கூட்டினு போனாரும்மா. கோணி அடுக்கியிருக்கிற கொட்டாய்ல நின்னு ரெண்டு தட்டு தட்டச் சொன்னாரு. தட்டினேன். ஊரெல்லாம் அடிச்சதா எழுதி கைநாட்டு வாங்கிக்கினாரு. இந்த அம்மா வூட்டுக்கும் அப்படித்தான்" என்று அக்காவைக் காட்டினார்.

அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இதை கோர்ட்டுல சொல்லுவீங்களா?" என்று கேட்டேன்.

"என் பேத்தி கல்யாணத்துக்குக் கடன் கேட்டு அவன் வாசல்ல போயி நின்னேன். நாயை வுட்டான். சொல்றேம்மா" என்றார்.

அந்த நிமிஷம் எனக்கு வீடு மறந்துவிட்டது. அவன் கூண்டில் ஏறி நிற்கிற கோலம்தான் கண்ணில் நின்றது. எங்கள் வக்கீல் கேள்வி கேட்கக் கேட்க அவன் துண்டால் முகத்தைத் துடைக்க வேண்டும், ஊர் மொத்தமும் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். வக்கீலிடம் போய், மோசடி மனுவையே போடுங்கள் என்றேன். அக்காவுக்கும் ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். "உன் கேஸ்ல மோசடின்னு ஜட்ஜ் எழுதிட்டார்னா, இப்பதான் எங்களுக்கு விஷயமே தெரிஞ்சதுன்னு அவங்களும் ஒரு மனு போட்டுப் பார்க்கலாம். ஜெயிக்கும்னு வாக்கு குடுக்க மாட்டேன். இப்ப அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல" என்றார். அக்கா வக்கீல் காலில் விழப் போனாள். நான் பிடித்துக்கொண்டேன்.

வீடு என் வீட்டுக்காரர் பெயரில் இருந்ததால் மனுவில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டார். பணத்தை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினேன்.

மனு போட்ட மூன்றாம் நாளே மண்டிக்காரன் எங்கள் தெருவுக்கு வந்தான். அத்தனை வருஷத்தில் அவன் எங்கள் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. "இன்னாம்மா, பொம்பளைங்களுக்கு கோர்ட்டு எதுக்கு? பேசித் தீர்த்துக்கலாமே" என்றான். குரலில் பழைய கனம் இல்லை.

"உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சித்தான் ஆவணும். கூண்டுல ஏறி நின்னு குடி" என்றேன்.

"வூடு போயிடும், பார்த்துக்கோ."

"போனாலும் போவட்டும். உன் மானமும் கூடவே போவும்."

தெருவில் எல்லோரும் கேட்டார்கள். அவன் முகம் கறுத்துப் போயிற்று. ஐயோ, அந்த முகத்தைப் பார்த்ததில் எனக்கு என்ன சந்தோஷம்! அன்று சாப்பிட்ட கஞ்சி விருந்து மாதிரி இருந்தது. என் பின்னால் நின்ற வீட்டுக்காரரின் முகம் எப்படி இருந்தது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

முப்பதாம் நாள். விசாரணைக்கு வாய்தா அடுத்த வாரம். தண்டோராக்காரர் மனசு மாறிவிடக் கூடாதே என்று அன்று காலை மறுபடி அவரைப் பார்க்கப் போனேன். அவர் அசையவில்லை. வெள்ளை வேட்டி துவைத்து வைத்திருந்தார். தெம்பாகத் திரும்பி வந்தேன். வீட்டில் இவர் இல்லை. சோறு வைக்க அரிசிப் பானையைத் திறந்தால் அரிசி மட்டும்தான் இருந்தது. திருடன் புகுந்துவிட்டான் என்று தெருவெல்லாம் ஓடினேன். சாயங்கால பஸ்சில் இவர் வந்து இறங்கினார். சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்து நீட்டினார்.

"மனுவை வாபஸ் வாங்கிட்டேன். பணத்தைக் கட்டிட்டேன்."

"வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழியை உடைச்சியே, பாவி! என் தாலிக்கொடியை வித்த காசுல அந்த மச்சானுக்கு அஞ்சு வீதம் அழுதுட்டு வந்தியா?" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். தெரு பார்த்தது. அவர் விலக்கவில்லை.

"எனக்கு வூடு வேணும்டி. உனக்கு அவன்தான் வேணும்" என்றார்.

அந்த வார்த்தை உண்மை என்பதாலேயே நாலு மாதம் அவரோடு நான் பேசவில்லை.

கோர்ட்டு ஏலத்தை ரத்து செய்தது. மண்டிக்காரன் மூலப்பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தான். கோர்ட்டில் கட்டிய பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு நான் வட்டி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கப்புறம் சுற்றுவட்டாரத்தில் அமீனா எந்தத் தெருவில் நுழைந்தாலும் எனக்குச் சேதி வந்துவிடும். போட்டது போட்டபடி ஓடுவேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிற ஆளின் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நீட்டவைப்பேன். "வாங்குய்யா! கையெழுத்துப் போடு! வாய்தாவுக்குப் போயி நில்லு!" ஏலம் வரைக்கும் போய்விட்டதா, நாளை எண்ணு, முப்பது நாள், ஒரு நாளும் கூட இல்லை என்று வாசல் வாசலாகக் கத்தினேன். பணம் கட்ட முடியாதவர்களை வக்கீலிடம் அனுப்பி, தவணை கேட்கவைத்தேன். அமீனா என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்புவான். மண்டிக்காரனின் மச்சான் அளக்கிற டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டான். மண்டிக்காரன் சாகிற வரைக்கும், யாருக்கும் தெரியாமல் ஒரு வீடும் அவன் கைக்குப் போகவில்லை. நல்ல மனசால் செய்தேன் என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். நான் செய்தது பழி. கூண்டில் ஏற்ற முடியாதவனை வாசல் வாசலாகத் தோற்கடித்தேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். முப்பதாம் நாள் சாயங்காலம், நான் தெருவில் கத்தி ஓய்ந்த பிறகு நடந்தது. அக்கா தன் குடிசை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். எங்கள் மனு போனதோடு அவளுக்கு இருந்த ஒரே வழியும் அடைந்துபோயிருந்தது. நான் போய் அவள் முன்னால் நின்றேன்.

"தண்டோராக்காரரு வர்றேன்னாரா?" என்று கேட்டாள்.

"வர்றேன்னாருக்கா."

"எங்க வூட்டுச் சேதியையும் சொல்றேன்னாரா?"

"சொல்றேன்னாரு. வேட்டி கூட துவைச்சி வெச்சிருந்தாரு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நான் அழ ஆரம்பித்தேன். இவரைத் திட்டினேன், மண்டிக்காரனைத் திட்டினேன், என்னையே திட்டினேன். அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"உன் வூட்டுக்காரரு பண்ணதுல தப்பு இல்ல. எங்க வூட்டுக்காரரு இருந்து, கையில காசும் இருந்திருந்தா, அவரும் இதைத்தான் பண்ணியிருப்பாரு. நானும் கட்டச் சொல்லித்தான் இருப்பேன். போ, போயி உலை வை" என்றாள். பிறகு, உள்ளே போகத் திரும்பினவள் நின்று சொன்னாள்: "நாளையிலேர்ந்து தண்ணிக்கு என்னைக் கூப்பிடாதே."

எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் எல்லாம் உப்பு. குடிக்கிற தண்ணீருக்கு ஒரு மைல் நடக்க வேண்டும். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளும் நானும் ஒன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். மறுநாள் விடிந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவள் எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டிருந்தாள். தெருக்கோடியில், மண்டிக்காரன் பூட்டுப் போட்டு வைத்திருந்த தன் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். அக்கா என்று கூப்பிட்டேன். அவள் நிற்கவில்லை.